சிலுவையும் பட்டாவும்

திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்திரகிரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜமஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 16-ம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைப் பாதிரிகள் சிலர் அங்கே வந்து சேர்ந்தனர். ஆட்சியில் இருந்தவர் விஜயநகரத்தின் இரண்டாம் வேங்கடபதி ராயர். தன் நாணயங்களில் திருவேங்கடமுடையானின் பெயரைப் பொறித்த பழுத்த வைணவர். தேவாலயம் கட்டிக்கொள்ள பாதிரிகள் அவரிடம் அனுமதி கேட்டனர். ராயர் தந்தார். கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஒரு மலைச் சிலுவையை முன்னிட்டு அதே கேள்விகள் எழுந்தன. யார் கேட்டார்கள்? யார் கொடுத்தார்கள்?

2017 ஏப்ரல் 20. மூணாறுக்கு அருகே சின்னக்கானல் பஞ்சாயத்தில் உள்ள பாப்பாத்திச்சோலை மலை. 144 தடை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ் பாதுகாப்போடு வருவாய்த் துறையினர் மேலே ஏறினர். தேவிகுளம் சப்-கலெக்டராக இருந்த ஸ்ரீராம் வெங்கிட்டராமனின் உத்தரவு அது. உச்சியில் கான்கிரீட் பீடத்தின் மேல் நின்ற சுமார் 30 அடி இரும்புச் சிலுவை ஜேசிபி இயந்திரத்தால் சாய்க்கப்பட்டது. சிலுவை நின்றது அரசு நிலம். அதைச் சுற்றி சுமார் 200 ஏக்கர் வளைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. சிலுவையை நட்டது ஒரு தனிப் பிரார்த்தனைக் குழு. மறுநாளே அதே இடத்தில் ஒரு மரச்சிலுவை முளைத்தது. அதுவும் அகற்றப்பட்டது.

தொலைக்காட்சியில் சிலுவை விழுவதைக் கேரளம் பார்த்தது. ஆட்சியிலிருந்த இடதுசாரிக் கூட்டணியே இரண்டுபட்டது. முதல்வர் பினராயி விஜயன் அதிகாரிகளைக் கடிந்துகொண்டார். பலர் புனிதமாகக் கருதும் சின்னத்தின் மீது கை வைக்கும் முன் அரசிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வருவாய்த் துறையைக் கையில் வைத்திருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியோ அதிகாரிகள் பக்கம் நின்றது. நிலம் வளைக்கச் சிலுவையைப் பயன்படுத்தக் கூடாது என்று கிறிஸ்தவத் தலைவர்கள் சிலரே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஜூலை மாதம் சப்-கலெக்டர் மாற்றப்பட்டார்.

ஒரு சிலுவைக்கு ஏன் இத்தனை பதற்றம்? இடுக்கியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிரல்ல. உணவுப் பஞ்சம் நிலவிய 1940-களில் 'அதிக உணவு விளைவிப்போம்' என்று சொல்லி, சமவெளி விவசாயிகளை மலைக்கு ஏற்றியதே அரசுதான். மலேரியாவோடும் யானையோடும் போராடி அவர்கள் காட்டைத் திருத்தினார்கள். பிறகு அதே அரசு அவர்களை வெளியேற்றப் பார்த்தது. 1961-ல் அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களுக்காக ஏ.கே. கோபாலன் அமராவதியில் உண்ணாவிரதம் இருந்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளரான பாதிரியார் வடக்கனும் அந்தப் போராட்டத்தில் கைகோத்தார். அந்த நாட்களில் மலைச் சரிவில் நின்ற சிறு சிலுவை, ஏழைக் குடியேறிக்கு ஆறுதல்; 'இங்கே மனிதர்கள் இருக்கிறோம்' என்ற அறிவிப்பு.

அந்த நினைவைத்தான் இப்போது நில ஆக்கிரமிப்பு கடன் வாங்கிக்கொள்கிறது. வேலியைப் பிடுங்கலாம், ஷெட்டை இடிக்கலாம். சிலுவையைத் தொட எந்த அதிகாரிக்கும் கை நடுங்கும் என்பது கணக்கு. 2025 மார்ச்சில் பீருமேடு தாலுகாவின் பருந்தும்பாறையிலும் இதே கணக்குதான். ஆக்கிரமிப்பு நிலத்தில் கட்டுமானத்துக்குத் தடை விதிக்கப்பட்ட பிறகு அங்கே ஒரு சிலுவை எழும்பியது. வருவாய்த் துறையினர் அதையும் அகற்றினர்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. தெருக்களிலும் பூங்காக்களிலும் பொது இடங்களிலும் கோவில், சர்ச், மசூதி, குருத்வாரா எதன் பெயராலும் அனுமதியற்ற புதிய கட்டுமானம் கூடாது என்று 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிலுவைக்குச் சொன்னதுதான் சூலத்துக்கும் பச்சைக் கொடிக்கும். ஒன்றை இடித்துவிட்டு மற்றொன்றைக் கண்டும் காணாமல் விட்டால் அது சட்டமாக இருக்காது; பாரபட்சமாகிவிடும்.

இடிப்பது ஒன்றே வழியா என்றால், அதுவும் இல்லை. 1983-ல் சபரிமலை வழியில் உள்ள நிலக்கல்லில், அரசின் விவசாயக் கார்ப்பரேஷன் நிலத்தில் பழைய கற்சிலுவை ஒன்று கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. பக்கத்திலேயே மகாதேவர் கோவில். கேரளம் முழுக்கக் கொந்தளித்தது. கடைசியில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. கோவிலிலிருந்து தள்ளி வேறு இடத்தை அரசு ஒதுக்கியது. பல சபைகளும் சேர்ந்து அங்கே ஒரே தேவாலயத்தைக் கட்டி 1984-ல் திறந்தன.

பேச்சு இல்லாமல் வழக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் உதாரணம். அங்கே சோலிடாட் குன்றில் நகராட்சி நிலத்தில் 1913 முதல் ஒன்று மாற்றி ஒன்றாகச் சிலுவைகள் நின்றுவந்தன. இப்போதுள்ள கான்கிரீட் சிலுவை 1954-ல் வந்தது. வியட்நாம் போரில் பங்கெடுத்த நாத்திகரான பிலிப் பால்சன் 1989-ல் வழக்குப் போட்டார். பொது நிலத்தில் ஒரு மதத்தின் சின்னம் எப்படி நிற்கலாம் என்று கேட்டார். தீர்ப்புகள் அவர் பக்கம் சாய்ந்தும் சிலுவை நகரவில்லை. நிலம்தான் கைமாறியது. 2006-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பால்சன் இறந்துபோனார். 2015-ல் 14 லட்சம் டாலருக்கு ஒரு நினைவகச் சங்கம் நிலத்தை வாங்கியது. பொது நிலமே இல்லை என்றான பிறகு 2016-ல் வழக்கு முடிந்தது. 27 ஆண்டுகள் இழுத்த சண்டையில் கடைசிச் சொல் ஒரு கிரயப் பத்திரத்துக்குத்தான் கிடைத்தது.

பாப்பாத்திச்சோலையின் அடிவாரத்தில் கிரயப் பத்திரத்தைக் கனவிலும் காணாதவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளும் தமிழ்த் தொழிலாளர்கள். குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. வேலை ஓய்ந்தால் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது பறிபோன 70 உயிர்களும் இவர்களுடையவையே. மூன்று சென்ட் நிலத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் இவர்களில் சிலுவையைக் கும்பிடுகிறவர்களும் உண்டு, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. அரசு நிலத்தில் இரவோடு இரவாகச் சாமியை நட்டு இடம் பிடிக்கும் தைரியம் இவர்களுக்கு வரவில்லை.

சந்திரகிரியில் பாதிரிகள் கேட்டு வாங்கினார்கள். கேட்காமல் எடுத்துக்கொண்ட நிலத்துக்குச் சிலுவையைக் காவல் வைப்பது, அதைக் கும்பிடுகிற ஏழைக்குத்தான் முதலில் அவமானம்.