வயரைப் பிடுங்கினது யார்?

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு சண்டை. பழைய துண்டுப்பிரசுரங்களை ஸ்கேன் பண்ணி வெளி ஹார்ட் டிஸ்க்கில சேமிச்சுக்கொண்டிருந்தம். கொப்பி முடிஞ்சுது எண்டு திரை காட்டினது. தோழி ஒருத்தி வயரைக் கழட்டினாள். கடைசி ஐம்பது பக்கம் இல்லை. எல்லாரும் அவளைத்தான் ஏசினம், நானும்தான்.

கேர்னல் நிரல் கொஞ்சம் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அநியாயம். "எழுதியாயிற்று" என்று லினக்ஸ் சொல்லும்போது தரவு பெரும்பாலும் நினைவகத்தில்தான் நிற்கும், வழமையான அமைப்பில் 30 விநாடி அளவுக்குக்கூட. அதற்கிடையில் டிஸ்க் போனால், யூஎஸ்பி பகுதிக்கு உடனே தெரியும். ஆனால் மேலே இருக்கிற கோப்பு முறைமைக்கு நீண்டகாலமாக ஒருவரும் சொல்லவில்லை! இல்லாத டிஸ்க்கில் எழுதப் பார்த்துத் தோற்ற பிறகுதான் அது அறியும். அதுவரை கேட்பவருக்கெல்லாம் "சரி, சரி" என்றே பதில்.

2023இல் வந்த 6.5 பதிப்பில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கிற கோப்பு முறைமை, தன்னை எப்படி அழைப்பது என்று முன்கூட்டியே பதிந்து வைக்கும். டிஸ்க் போனதும் ப்ளொக் அடுக்கு அதை அழைத்துச் சொல்லும். எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டும் உடனே கடையைப் பூட்டிவிடும். ஒரு அழைப்புத்தானே எண்டு நினைக்காதேங்கோ. அதே கணத்தில வேறொருத்தர் அன்மவுண்ட் பண்ணிக்கொண்டிருக்கலாம். விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் முழுக் கேர்னலும் விழும். பிடிஆர்எஃப்எஸ் போல இரண்டு டிஸ்க்கில் பிரதி வைக்கிறதில், ஒன்று போனதற்காகப் பூட்டுவதே தவறு.

இந்தத் திருத்தம் எங்கட ஐம்பது பக்கத்தையும் காப்பாற்றியிருக்காது. இனிப் பொய் சொல்லாது, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விசயம்.

கட்டற்ற மென்பொருள் மக்கள் சொத்து என்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். கேர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் கம்பனிச் சம்பளக்காரர். கம்பனியின் சர்வருக்கு வலித்தால் மருந்து வேகமாக வரும். சமூக ஆவணக்காப்பகத்தின் மலிவு டிஸ்க்கை யார் சோதிப்பது? நாங்கள் சோதிக்கலாம். வெறும் டிஸ்க்கில் எழுதும்போதே வயரைப் பிடுங்கி, கேர்னல் பதிவில் என்ன வந்தது என்று குறித்து வழு அறிக்கை அனுப்ப நிரலாளராக இருக்கத் தேவையில்லை.

தோழியிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை அந்த ஐம்பதையும் திரும்ப ஸ்கேன் பண்ணுறம். என்னட்ட பழைய டிஸ்க் இரண்டு இருக்கு, வயர் பிடுங்க ஆள் வேணும்.