தங்கத் தட்டும் இசைத் தட்டும்

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாட்களில் தாராபுரத்துச் சாலையில் நின்றால் கொடுமுடியைக் கேட்கலாம். கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கும் காவடிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. கூடவே வருகிற வண்டியின் ஒலிபெருக்கியில் கே. பி. சுந்தராம்பாள் பாடிக்கொண்டிருப்பார். அவரும் கொடுமுடிக்காரர்தான். தண்ணீர், குரல் இரண்டுமே அந்த ஊரிலிருந்து கிளம்பி அதே மலைக்குப் போகின்றன. வழியில் நிற்கிற எனக்கு இதில் புகார் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாட்டு ஏற்றித் தருகிற கடை ஒன்றில் சுந்தராம்பாள் பாட்டு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவேயில்லை. "சாமிப் பாட்டு வரிசையில இருக்குமுங்க" என்றார். இருந்தது. தலைப்பு, காலத்தை வென்ற பாடல்கள் என்ற மாதிரி ஏதோ ஒன்று. அட்டைப் படத்தில் திருநீறும் வெள்ளைப் புடவையுமாக ஒரு முதியவர். வாழ்நாள் முழுவதும் பாடியதன் சாரம் என்று ஒரு வாசகம். வீட்டுக்கு வந்து கேட்டேன். 1953க்கு முன்னால் ஒரு பாட்டுகூட இல்லை. ஏறத்தாழ எல்லாமே 1960களின் பக்திப் படங்களிலிருந்து எடுத்தவை. வேறு தொகுப்புகளைத் தேடினேன். அட்டை மாறியிருந்தது, வரிசை மாறியிருந்தது, சங்கதி மாறவில்லை. அந்தக் கம்பெனிகளின் பெயர் இங்கே அவசியமில்லை. இது ஒரு கம்பெனியின் குற்றம் அல்ல, ஒரு ரசனையின் குற்றம். அதில் நமக்கும் பங்கு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுந்தராம்பாள் பிறந்தது 1908இல். சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்று அவர் வாழ்க்கையைச் சொல்லும் எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு நாடகக் கம்பெனி. 1926இல் இலங்கை மேடைகள், அங்கே எஸ். ஜி. கிட்டப்பா. 1927இல் திருமணம். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது, இவருக்கு 25. அன்று உடுத்த வெள்ளையை இவர் மாற்றவில்லை. ஆண் நடிகர்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாகவே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசிய விஷயம். 1940இல் 'மணிமேகலை'. 1951இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினர். இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான், 45 வயதை நெருங்குகையில், ஜெமினியின் 'ஔவையார்'. நம் 'வாழ்நாள் தொகுப்பு' தொடங்குகிற இடம் இது. அதாவது ஒரு பெண் நாடறிந்த பாடகியாகி, மேடையை ஆண்டு, காதலித்து, இழந்து, அரசியலிலும் நுழைந்த பிறகு. இதற்கு வாழ்நாள் தொகுப்பு என்று பெயர் வைப்பது பொய். வைதவ்யத் தொகுப்பு என்று வைத்தால் உண்மையாவது மிஞ்சும்.

பழைய தட்டுகள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் இரைச்சல், யார் கேட்பார்கள் என்று பதில் வரும். இந்தப் பதிலை நான் மதிக்கவில்லை. கிட்டப்பாவின் தட்டுகளும் அதே அரக்கில் அடித்தவைதானே, அவற்றிலும் அதே இரைச்சல்தானே. அவற்றை நம் பெரியவர்கள் ஊசி தேயத் தேயக் கேட்டு, நாடாவில் பிடித்து, ஒருவருக்கொருவர் கொடுத்து, அந்த மேல்ஸ்தாயியைப் பற்றி இன்றும் கண் கலங்கப் பேசுகிறார்கள். பேசட்டும், அந்தக் குரல் அதற்குத் தகும். ஆனால் விளைவைக் கவனியுங்கள். தட்டில் கிட்டப்பாவுக்கு வயது ஏறாது. தொகுப்பில் சுந்தராம்பாளுக்கு இளமையே கிடையாது. ஒரே மேடையில் எதிரெதிரே நின்று, பாட்டுக்குப் பாட்டு பதில் சொன்ன இருவரில் ஒருவர் என்றென்றைக்கும் 27 வயது வாலிபர். மற்றவர் என்றென்றைக்கும் பாட்டி. இது தற்செயல் என்று நம்ப நான் தயாராக இல்லை.

படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஔவையார்' படத்தில் இளம் ஔவைக்கு வேறு நடிகை. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை யாசித்துப் பெறுகிற கணத்துக்குப் பிறகே சுந்தராம்பாள் வருகிறார். 1964இல் 'பூம்புகார்'. அதில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்', மறுபடி ஔவை. 1967இல் 'கந்தன் கருணை', மறுபடியும் ஔவை. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. அங்கும் இளம் புனிதவதிக்கு வேறு நடிகை, பேயுரு வேண்டிப் பெற்ற பின் சுந்தராம்பாள். இரண்டு புராணத்திலும் ஒரு பெண் தன் இளமையைத் தானே கேட்டுக் கொடுத்துவிடுகிறாள். நம் சினிமா அதே பேரத்தைச் சுந்தராம்பாளோடு மீண்டும் மீண்டும் நடத்தியது. பாடலாம், எவ்வளவு உச்சத்துக்கும் போகலாம், அரசனைக் கண்டிக்கலாம், முருகனையே அதட்டலாம். ஆனால் முதலில் பெண்ணாக இருப்பதை விட்டுவிட வேண்டும்.

அது அவரே எடுத்த விரதம், அதில் நீ யார் தலையிட என்று கேட்பீர்கள். விரதம் அவருடையது. அதன் துக்கத்தையும் வைராக்கியத்தையும் நான் வணங்குகிறேன். ஆனால் இனி ஆணோடு ஜோடி சேர்வதில்லை என்று அவர் சொன்னது 1933க்குப் பிறகு வரப்போகும் மேடைகளைப் பற்றி. அதற்கு முன் பாடியதையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. விரதத்தை முன்தேதியிட்டு அமல்படுத்தியவர்கள் தொகுப்பாளர்கள்.

இழந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் ஏக்கமாக இது நின்றுவிடக் கூடாது. ஸ்பெஷல் நாடக மேடையில் மைக் கிடையாது. வண்டி கட்டி வந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஜனங்களில் கடைசி வரிசைக்காரனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஹார்மோனியக்காரர் தூக்கி வைக்கும் சுருதியில் நின்று, எதிரே இருப்பவர் புதிதாக எடுத்துவிடும் அடிக்குப் பதில் அடி பாட வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த உருப்படி ஒரு எலும்புக்கூடுதான். அன்றிரவு அதற்குச் சதை வைப்பது பாடகியின் வேலை. 'ஒன்ஸ்மோர்' கேட்டால் அதே பாட்டு வேறொரு பாட்டாகத் திரும்பி வரும். அந்த மேடையில் ஒரு இளம்பெண் ஆணோடு தர்க்கம் செய்து, கேலி செய்து, தோற்கடித்துப் பாடினாள். அந்தப் பயிற்சியில் உருவானதுதான் பின்னாளில் நாம் சினிமாவில் கேட்ட அந்த உச்சரிப்பு. ஒவ்வொரு எழுத்தையும் கல்லில் அடித்து வைத்த மாதிரி வரும் அந்தச் சொல்லை 'தெய்வீகம்' என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டோம். அது தெய்வம் கொடுத்ததல்ல. கூட்டத்தின் இரைச்சலும் கடைசி வரிசைக்காரனும் கொடுத்தது. அதற்கு முன்பு, ஓடுகிற ரயிலின் சத்தம் கொடுத்தது என்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதில் தட்டு என்ற சாதனமும் ஒரு கத்தரிக்கோல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிஷம். மேடையில் அரைமணி விரிந்த பாட்டு அதில் மூன்று நிமிஷமாகச் சுருங்கியே ஏறும். ஆக இளம் சுந்தராம்பாளின் தட்டே ஒரு மிச்சம்தான். அந்த மிச்சத்தையும் விட்டுவிட்டு, மிச்சத்துக்குப் பின் வந்ததை முழுமை என்று விற்கிறோம்.

வெளியே பார்க்கலாம். 1927 ஜூலையில், இங்கே சுந்தராம்பாளுக்குத் திருமணமான அதே வருஷம், அமெரிக்காவில் பிரிஸ்டல் என்ற சிறிய ஊரில் ரால்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். வர்ஜீனியா மலைக் கிராமத்திலிருந்து வந்து பாடியவர்களில் சாரா கார்ட்டர், மேபெல் கார்ட்டர் என்ற இரு பெண்கள் இருந்தார்கள். அந்த ஊரில் 1927லும் 1928லும் நடந்த பதிவுகளை, பேர் தெரியாமல் போன பாடகர்கள் உட்பட, ஒரு ஜெர்மன் கம்பெனி 2011இல் ஒரே பெட்டியாக வெளியிட்டது. இரைச்சல் அவர்களுக்கும் உண்டு. லொரெட்டா லின் என்ற பாடகி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 'சுரங்கத் தொழிலாளியின் மகள்' என்பதே 1970இல் அவருடைய பாட்டாயிற்று, 1976இல் சுயசரிதையாயிற்று, 1980இல் சினிமாவாயிற்று. கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடி 1975இல் வெளிவந்த பாட்டைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. மறுத்ததும் அவருடைய வரலாற்றின் ஒரு பகுதியாக நிற்கிறது. அங்கேயும் வியாபாரம்தான் நடக்கிறது, புனிதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வியாபாரத்தில் ஒரு பெண்ணின் வறுமையும் பிள்ளைப்பேறும் கோபமும் விலைபோகும் சரக்காகவாவது உயிரோடு இருக்கின்றன. அந்தப் படம் வெளிவந்த அதே 1980இல்தான் சுந்தராம்பாள் இறந்தார். ரயிலில் பாடிய சிறுமியை நாம் ஒரு பீடிகையாக மட்டும் வைத்துக்கொண்டோம். ஔவை வருவதற்கு முன் சொல்ல வேண்டிய இரண்டு வரி.

நம்மவர்களிடம் கதைகளுக்குக் குறைவில்லை. காந்தி கொடுமுடியில் அவர் வீட்டில் தங்கத் தட்டில் சாப்பிட்ட கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, அவர் உடனே கழுவிக் கொடுத்துவிட்டாராம். தங்கத் தட்டு எங்கே போயிற்று, ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்று ஆராய இங்கே ஆள் இருக்கிறது. இசைத் தட்டு எங்கே போயிற்று என்று கேட்க ஆள் இல்லை. என் அப்புச்சி வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் இருந்தன. வீடு இடித்துக் கட்டியபோது அவை என்னவாயின என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "உடைஞ்சு போச்சு கண்ணு, வீசிப்போட்டோம்" என்று பதில் வந்தது. எதில் யார் பாடியிருந்தார்கள் என்று நானும் அதற்கு முன் ஒருநாள்கூட ஏறிப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையின் கோபத்தில் பாதி என்மேல் நானே கொண்டது.

மீதிப் பாதி நம்மேல். சபாக்காரர்கள் அதை நாடகப் பாட்டு என்று தள்ளினார்கள், அது அவர்கள் ஜாதகம். சினிமா ரசிகன் அவரைச் சாமியாக்கினான், அது அவன் பழக்கம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் என்ன செய்தோம்? தனிமனிதத் துயரம், பிரக்ஞை, உடல், மொழியின் ஓசை என்று பக்கம் பக்கமாக எழுதினோம். இவை அத்தனையையும் ஒரே தொண்டையில் வைத்திருந்த ஒருவர் நம் பக்கத்து ஊரில் 1980 வரை உயிரோடு இருந்தார். ஒருவர் போய்ப் பேட்டி எடுக்கவில்லை. ஒலிப்பதிவு செய்யவில்லை. பிரெஞ்சுக் கவிஞனின் துக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேடிய நாம், கொடுமுடிக்கு பஸ் ஏறவில்லை. தாராபுரத்திலிருந்து வெள்ளகோவில், முத்தூர், அதற்கப்பால் கொடுமுடி. எங்கள் ஊருக்கு ரயில் இல்லை என்பது உண்மைதான், பஸ் உண்டு. சமீபத்தில் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் ஜனரஞ்சகம், நம் அக்கறைக்கு வெளியே" என்றார். சரி. ஜனங்கள் ரஞ்சித்ததால் ஒரு கலை நம் அக்கறைக்கு வெளியே போய்விடுமானால், நம் அக்கறை என்பது ஒரு சின்ன அறை. அதில் நாமே ஒருவர் பாடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என்ன வேண்டும் என்று கேட்டால் சிலைகூட வேண்டாம், விழாவும் வேண்டாம். 1969இல் 'துணைவன்' படத்துக்காக 60 வயதில் பாடியதற்குத் தேசிய விருது கிடைத்தது, 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. கௌரவத்தில் குறை வைக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரு பட்டியல். எந்தத் தட்டு, எந்த வருஷம், யார் எழுதியது, ஹார்மோனியம் யார், எந்த நாடகம். பிறகு அந்த வரிசையில், வருஷ வரிசையில், இரைச்சலோடு, ஒரு தொகுப்பு. வள்ளி முதலில் வரட்டும், நந்தன் அடுத்து வரட்டும், காங்கிரஸ் மேடைப் பாட்டு அதன் பின் வரட்டும், ஔவை கடைசியில் வரட்டும். அப்போது அந்த முதிய குரலில் எது வைராக்கியம், எது இழப்பு, எது வெறும் சினிமா என்று காது தானே பிரித்துக்கொள்ளும். இன்று பிரிக்க முடியவில்லை. முன்னால் எதுவும் இல்லாததால் எல்லாமே பக்தியாகக் கேட்கிறது.

காவடிகள் போய்விட்டன. சாலை வெறிச்சென்று கிடக்கிறது. தட்டு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து பரணில் ஏறிப் பாருங்கள். வீடு இடிப்பதற்கு முன்னால்.