தையற் கல்வி யாருக்காக?

பாடசாலைகளில் தையலையும் ஆடை வடிவமைப்பையும் பயிலும் உயர்வகுப்பு மாணவருக்கு அவற்றை இணையவழியில் கற்பிக்கலாம் என்னும் கருத்து இன்று கல்வியாளர் சிலரிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. தலைநகரில் திறமைமிக்க ஆசிரியை ஒருவர் பாடம் நடத்துவார். அதைக் காணொளியாக்கி நாடெங்கும் அனுப்பலாம். தோட்டத்து மாணவியும் கொழும்பு மாணவியும் ஒரே பாடத்தைக் கற்பர். முடிவில் இருவருக்கும் ஒரே சான்றிதழ் கிடைக்கும். கேட்பதற்கு இனிமையான திட்டந்தான். சமத்துவம் என்ற சொல்லும் இடையிடையே ஒலிக்கிறது. ஆதலால் முற்போக்கு எண்ணம் உடையோரும் இதை ஆராயாமலே வரவேற்று விடுகின்றனர். வரவேற்பதற்கு முன்னர் சில கேள்விகளை எழுப்புவது நம் கடமை என்று கருதுகின்றோம்.

ஒரு கல்வித் திட்டத்தை அது தீட்டப்பட்ட மேசையின்மேல் வைத்துச் சோதித்தால் அது எப்போதும் தேறிவிடும். அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். நாம் நிவித்திகலவை எடுத்துக்கொள்வோம். சப்பிரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்தின் கல்வி வலயங்களுள் ஒன்று அது. அங்கே மண்ணுக்கு அடியில் மாணிக்கக்கல். மண்ணுக்கு மேலே தேயிலையும் இறப்பரும். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டந்தோட்டமாகச் சிதறி வாழ்கின்றன. நுவரெலியாவில் உள்ளதுபோல் எண்ணிக்கைப் பலம் இவர்களுக்கு இல்லை. மலையகம் என்று பேசும்போதும் எழுதும்போதும் சப்பிரகமுவத் தோட்டங்களை நாமே பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். நாமே மறக்கும்போது அதிகாரிகளைச் சொல்லிப் பயன் என்ன?

இத்தகைய தோட்டமொன்றிலிருந்து வந்து பத்தாம் வகுப்பில் மனைப்பொருளியல் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். தந்தை விடியுமுன் இறப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறார். தாய் கொழுந்தெடுக்கப் போகிறாள். குடும்பத்துக்கு உள்ளது ஒரே கைத்தொலைபேசி. பாடம் தொடங்கும் வேளையில் அது தந்தையின் சட்டைப்பையிலோ தாயின் கூடையிலோ இருக்கும். அது மாணவியின் கைக்கு வந்தாலும் சமிக்ஞை வரவேண்டும். சமிக்ஞை வந்தாலும் இணையத்துக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். இவையெல்லாம் கைகூடிவிட்டன என்றே கொள்வோம். திரையில் ஆசிரியை சட்டைக் கையின் வளைவை வெட்டிக் காட்டுகிறார். மாணவி பார்க்கிறாள். பார்த்தபின் அவள் எதை வெட்டுவாள்? கத்தரிக்கோல் இல்லை, துணி இல்லை, தையற்பொறி அயல்வீட்டிலும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். திரையில் தெரியும் துணியும் அத்தகையதே.

இது வெறும் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பரிசோதனை ஒருமுறை நடந்தேறியது. மரக்கிளைகளிலும் பாறைகளின் உச்சியிலும் ஏறிப் பிள்ளைகள் சமிக்ஞை தேடிய காட்சிகள் 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றன. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. நாட்கூலி 1,000 ரூபாவாகியது 2021இல்தான். அந்தக் கூலியிலிருந்தே அரிசியும் மாவும் வாங்கி, பிள்ளைகளின் இணையப் பாடத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆசிரியர்களோ தம் சொந்தத் தொலைபேசியையும் சொந்தச் செலவையும் கொண்டு பாடம் நடத்தினர். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்று விலகின. போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. இணையக் கல்வி செலவற்றது என்று சொன்னவர்களுக்கு அதுவே போதிய விடை. செலவு எங்கும் மறைந்து போகவில்லை. அரசின் கணக்கிலிருந்து நீங்கி, தொழிலாளியின் தலையிலும் ஆசிரியரின் தலையிலும் அது ஏறிக்கொண்டது.

இவ்வாறு சொல்வதால் நாம் புதிய கருவிகளுக்குப் பகைவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1831இல் பாரிஸ் நகரத் தையற்காரர்கள், திமோனியே என்பவர் அமைத்த தையற்பொறிகளை உடைத்து நொறுக்கினர். இராணுவச் சீருடை தைத்த அப்பொறிகள் தம் பிழைப்பைப் பறிக்கும் என்று அவர்கள் அஞ்சினர். அச்சம் நியாயமானது, வழிதான் தவறானது. பொறி யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி என்பதைத் தொழிலாளர் இயக்கம் பின்னர் கற்றுக்கொண்டது. இணையத்தைப் பற்றியும் நாம் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

தையலைத் தொலைவிலிருந்து கற்பிக்கவே முடியாது என்பதும் நம் வாதம் அன்று. 1916இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்க நகரமாகிய ஸ்கிரான்டனில், மேரி புரூக்ஸ் பிக்கென் என்னும் பெண்மணி பெண்களுக்கான தையற் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது முற்றிலும் அஞ்சல்வழிக் கல்வி. பல்லாயிரக்கணக்கான பெண்கள் அதில் சேர்ந்து பயின்றனர். அது இலாபம் கருதிய நிறுவனமே. எனினும் நம் திட்டக்காரர்கள் மறந்துவிட்ட ஓர் உண்மையை அது அறிந்திருந்தது. மாணவியின் கையில் துணி இருக்க வேண்டும். அவள் செய்த வேலை ஆசிரியரின் கண்ணுக்குப் போய்த் திருத்தம் பெற்றுத் திரும்ப வேண்டும். பாடம் ஒருவழியாகப் போனால் அது விளம்பரம். போய்த் திரும்பி வந்தால்தான் கல்வி.

தையலில் இத்திருத்தத்துக்குள்ள இடத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு சட்டையின் உடற்பகுதியில் மேலிருந்து கீழாக நான்கு தையல்கள் வருகின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு தையலிலும் இரு துண்டுகள் இணைகின்றன. ஒவ்வொரு துண்டிலும் மாணவி கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துத் தைத்துவிட்டால் மார்பளவில் இரண்டு அங்குலம் குறைந்துவிடும். சட்டை உடலில் ஏறாது. இந்தக் கால் அங்குலத்தைக் கைத்தொலைபேசித் திரையில் யாரால் காண முடியும்? துணியின் இழை நேராகச் செல்கிறதா, சாய்ந்து செல்கிறதா என்பதை விரலால் இழுத்துப் பார்த்தே அறிய வேண்டும்; சாய்வாக வெட்டிய துணி இழுபடும், நேராக வெட்டியது அவ்வளவு இழுபடாது. மேல்நூல் இறுகியிருக்கிறதா, பொபின் நூல் தளர்ந்திருக்கிறதா என்பதைத் துணியின் மறுபுறத்தைத் திருப்பிப் பார்த்தே சொல்ல முடியும்.

ஆகவே திட்டம் வேண்டும் என்போரிடம் நாம் சொல்வது இதுதான்: வரிசையை மாற்றுங்கள். முதலில் பொறியும் துணியும், பின்னர் ஆசிரியர், அதன் பின்னரே இணையம். நடந்து போகக்கூடிய தொலைவில், ஒவ்வொரு பாடசாலைக் கொத்தணிக்கும் ஒரு தையற்கூடம் வேண்டும். மின்சாரம் நின்றாலும் ஓடும் மிதிபொறிகளே அங்குப் போதும். வெட்டிப் பழகிப் பாழாக்குவதற்கென்றே துணி தரவேண்டும். பாழாக்கும் உரிமை இல்லாதவர் எந்தக் கைத்தொழிலையும் கற்க முடியாது. கிழமைக்கு ஒருநாளேனும் தமிழில் கற்பிக்கும் ஆசிரியை நேரில் வரவேண்டும். பயணச் செலவும் தொலைபேசிச் செலவும் அவருக்கு அளிக்கப்பட வேண்டும்.

இவ்வளவும் அமைந்தபின் இணையம் தன் பங்கைச் சிறப்பாகச் செய்யும். ஒரு மணி நேர நேரடிக் காணொளி பல நூறு மெகாபைற்றை விழுங்கும். ஒரு சட்டையின் வெட்டளவுப் படமோ ஒரு மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் சிறு காணொளிகளைப் பாடசாலையிலேயே பதிவிறக்கி மாணவருக்குப் பகிரலாம். கையின் அசைவை அவர்கள் பத்துமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தைத்த சட்டையை உள்வெளியாகத் திருப்பி, தையலின் அருகில் அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்து அனுப்பினால் கால் அங்குலப் பிழையும் ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். அவர் தமக்கு நேரம் வாய்க்கும்போது குரற்பதிவில் திருத்தம் சொல்லலாம். அடுத்த ஊர்ச் சிங்கள மாணவியின் வேலையும் நம் மாணவியின் வேலையும் ஒரே இடத்தில் காட்சிக்கு வரலாம். நல்ல தையலைப் பாராட்ட இருவருக்கும் அதிகச் சொற்கள் தேவைப்படா.

இனி, நம் அணியிலுள்ள நண்பர்கள் சிலருக்கும் ஒரு சொல். தோட்டத்துப் பெண்ணுக்குத் தையல் எதற்கு, அவளை விஞ்ஞானியாக்குங்கள் என்கின்றனர். விஞ்ஞானம் வேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் கைவேலையை இழிவாக எண்ணும் பழைய மனப்பான்மை இதற்குள் ஒளிந்திருப்பதை அவர்கள் உணர வேண்டும். கடைத்தெருவில் தையற்காரர் ஆணாக இருக்கிறார். அது தொழில் எனப்படுகிறது. வகுப்பறையில் தையல் பெண்ணுக்கு ஒதுக்கப்படுகிறது. அது வீட்டுக் கடமை எனப்படுகிறது. இந்தப் பிரிவினையை உடைக்க வேண்டுமானால் ஆண் மாணவரும் அவ்வகுப்பில் அமர வேண்டும். 2017இல் தொடங்கிய பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவிலுள்ள 26 பாடங்களில் ஆடை வடிவமைப்பும் ஒன்று. உயர்தர வகுப்பின் பாடமாக ஏற்கப்பட்ட ஒன்றை நாமே சில்லறை வேலை என்று தள்ளிவிடலாமா?

நம் மாணவர் எதை வடிவமைக்க வேண்டும் என்பதும் முக்கியமானது. வெளிநாட்டு அலங்கார மேடைகளைப் பார்த்து வரைவது மட்டுமே ஆடை வடிவமைப்பாகாது. கொழுந்தெடுக்கும் தாய் இடுப்பில் கட்டும் படங்கைப் பாருங்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று உழைக்கும் அவளுக்கு ஏற்ற ஆடையை எந்தத் தொழிற்சாலை சிந்தித்திருக்கிறது? துணியில் பட்டுக் காய்ந்த இறப்பர்ப் பால் துவைத்தாலும் போகாது. பால் வெட்டும் தந்தைக்கு எத்தகைய மேற்சட்டை உதவும்? மழைநீர் வடியவும், காற்று புகவும், கை தடையின்றி அசையவும் ஓர் உடையை அமைப்பது அறிவுக்கு வேலை தரும் பணி. நிவித்திகல மாணவிக்கு அந்தத் தேவை தெரியும். கொழும்புத் திட்டக்காரருக்குத் தெரியாது. இந்தப் பாடத்தில் அவளே ஆசிரியை.

இங்கேதான் நம் முதன்மைக் கேள்வி எழுகிறது. இந்தக் கல்வி யாருக்காக? 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 1992இல் பிரேமதாச அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்து அத்தொழிலைக் கிராமங்களுக்கும் பரப்பியது. இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு இளம்பெண்களின் விரல்களிலிருந்து வருகிறது. நேர்கோட்டில் விரைந்து தைக்க மட்டும் கற்பித்துச் சான்றிதழ் கொடுத்தால், அது கல்வியின் பெயரால் நடக்கும் ஆட்சேர்ப்பாகும். பயிற்சிச் செலவு பாடசாலைக்கு, இலாபம் முதலாளிக்கு என்றாகிவிடும். ஆகவே வெட்டும் அளவோடு விலையின் கணக்கும் பாடத்தில் வரவேண்டும். ஒரு சட்டை கடையில் விற்கும் விலையில் துணிக்கு எவ்வளவு, வணிகருக்கு எவ்வளவு, தைத்தவளுக்கு எவ்வளவு என்று மாணவி எழுதிப் பார்க்க வேண்டும். 1911இல் நியூயோர்க் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டதையும், 2013இல் வங்காளதேசத்தின் ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்ததையும் அவள் அறிய வேண்டும். 2011 மே 30ஆம் நாள், ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் தொழிலாளர் திரண்டபோது பொலிசார் சுட்டதில் ரொஷான் சானக்க என்னும் இளந்தொழிலாளி உயிரிழந்தார். ஆடைத்துறையின் வரலாற்றில் இதுவும் ஓர் அத்தியாயம். இதை நீக்கிவிட்டு எழுதும் பாடநூல் அரைகுறைப் பாடநூலே.

மலிவான கல்வியைத் தோட்டத்துப் பிள்ளைகள் இதற்கு முன்னரும் கண்டிருக்கின்றனர். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. அதுவும் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைக்குந்தான். கொழுந்தெடுக்கும் கைக்கு எவ்வளவு எழுத்து போதுமோ அவ்வளவே கொடுக்கப்பட்டது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியிலேயே நின்றன. அவற்றை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது எழுபதுகளின் பிற்பகுதியில்தான். ஓர் ஓரத்துக் கொட்டகையும் ஓர் ஆசிரியரும் போதும் என்று அன்று கருதினர். இன்று ஒரு தொலைபேசியும் ஒரு காணொளியும் போதும் என்று கருதுகின்றனர். கொட்டகை திரையாக மாறியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணம் மாறவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நம் வேண்டுகோள் இதுவே. இணையவழித் தையற் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் உங்கள் பாடசாலைக்கு வரும்போது அதைக் கிழித்தெறிய வேண்டாம்; கைதட்டி ஏற்கவும் வேண்டாம். எத்தனை பொறிகள், எத்தனை மீற்றர் துணி, ஆசிரியைக்கு என்ன ஊதியம், திருத்துபவர் யார், பாடம் எம்மொழியில், கணக்குப் பாடம் எங்கே என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை கேளுங்கள். நிவித்திகலவில் ஒரு மாணவி தன் தாய்க்குத் தானே அளந்து, தானே வெட்டி, தானே தைத்த உடையைத் தாய் அணிந்துகொண்டு மலைக்குப் போகும் நாளில், அத்திட்டம் வெற்றி பெற்றதென்று நாமும் மகிழ்ந்து எழுதுவோம்.