வெயிலுக்கும் ஒரு அட்டவணை வேண்டும்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்றும் அந்தப் பத்திரிகைகளைப் புரட்டுவேன். ஆல்ப்ஸ் பனிச்சறுக்குச் சரிவுகளில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் படம் வரும். பயிற்சியாளர், சரிவுக் காவலர், ரோப்கார் ஊழியர், எல்லோருக்கும் வெயிலில் வெந்த முகம். அதை அழகு என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அது வேலையில் பட்ட காயம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். விழுந்த கதிரில் 80 சதவீதம் வரை புதுப்பனி திருப்பி அடிக்கும். தொப்பி போட்டாலும் மூக்குக்கும் தாடைக்கும் கீழேயிருந்து வெயில் வரும். குளிர்காற்றில் தோல் சுடுவதும் தெரியாது.

"களிம்பு தடவிக்கொள்வது அவரவர் பொறுப்பு" என்பார்கள். அதை இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். கையுறையோடு ஆளைத் தூக்கிக் காப்பாற்றுகிறவர் எப்போது தடவுவார்? சுற்றுலாக்காரர் ஒரு வாரத்தில் இறங்கிவிடுவார். இவருக்கு அதுவே முப்பது வருட வேலை.

வெயில் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே சொல்லிவிட்டது. வெயிலில் உழைத்தவருக்கு வரும் ஒருவகைத் தோல் புற்றுநோயை ஜெர்மனி 2015-ல் தொழில்நோயாக ஏற்றது. பிரான்சின் தொழில்நோய் அட்டவணைகளில் தாரும் புகைக்கரியும் ஆர்செனிக்கும் உண்டு, வெயில் இல்லை.

அட்டவணையில் இருந்தால் நோய் வேலையால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நோயாளி ஒரு குழுவின் முன் நிரூபிக்க வேண்டும். அதற்கும் நிரந்தரப் பாதிப்பு 25 சதவீதமாவது இருக்க வேண்டும். மூக்கில் சிறு கட்டியை வெட்டி எடுத்தவர் அந்த 25-க்கு எங்கே போவார்?

"லீவு நாளிலும் வெயிலில் நின்றாரே, எது வேலை வெயில், எது சொந்த வெயில்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலையால் கூடுதலாகப் பட்டது எவ்வளவு என்று ஜெர்மனியில் கணக்குப் போடுகிறார்கள். அங்கே முடிகிற கணக்கு பிரான்சில் ஏன் முடியாது?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். படிவத்தில் கட்டம் இல்லையென்று எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வந்தவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், மலையில் உழைப்பவருக்குக் களிம்பும் உபதேசமும் போதாது. அட்டவணையில் வெயிலுக்கு ஒரு வரி எழுதுங்கள்.