ரெண்டு சீட்டு காரை விற்கலாமா?



மெல்பர்னில் நம்மவர்கள் யாராவது கார் வாங்கினால் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். எத்தனை பேர் உட்காரலாம்? பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? திரும்ப விற்றால் என்ன விலைக்குப் போகும்? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். பி.காம் படிக்கிற நானே இவற்றைக் குறை சொன்னால் என் வாத்தியார்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் "ஓட்ட எப்படி இருக்கு?" என்று நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை ஏன் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் புகார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பனிடம் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. முதல் தலைமுறை வண்டி. 1.6 லிட்டர் எஞ்சின், கையால் மடக்கும் துணிக்கூரை, ரெண்டே சீட்டு. சனி ஞாயிறு வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது. இப்போது வீட்டில் விற்கச் சொல்கிறார்கள். போன வாரம் அவன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ கணக்கு படிக்கிற பிள்ளை. அவங்க அம்மாவுக்கு முட்டிவலி, அந்த வண்டியில குனிஞ்சு ஏறவே முடியல. டாக்டர்கிட்ட போகக்கூட உதவாத காரு எதுக்குன்னு நீயாவது அவனுக்குச் சொல்லு" என்றார்.

அங்கிள், யோசித்துவிட்டேன். ஆனால் என் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

முதலில் அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 1960களில் பிரிட்டனில் வந்த லோட்டஸ் எலான் போன்ற சின்னஞ்சிறு திறந்த கார்களின் சுகத்தை, அவற்றின் ரிப்பேர் தலைவலி இல்லாமல் தருவதுதான் நோக்கம். ஜப்பானில் இதற்கு 'ஜின்பா இத்தாய்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடல் ஆவது என்று அர்த்தம். அதற்கு அவர்கள் பிடித்த வழி சக்தியைக் கூட்டுவதல்ல, எடையைக் குறைப்பது. அந்த முதல் வண்டி ஒரு டன்கூட இல்லை. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. ரெண்டு சீட்டு காருக்கு ஆள் கிடைக்காது என்று சொல்பவர்கள் கவனிக்கவும் :-)

இங்கே விக்டோரியா மாநிலத்தில் 'பி' அட்டை மாட்டிய புது ஓட்டுநர்கள், ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தி உள்ள வண்டியை ஓட்டக்கூடாது. இவன் வண்டியில் மொத்தமே 85 கிலோவாட். எடையால் வகுத்தால் சுமார் 90 வருகிறது. ஆக, சட்டத்துக்கே இந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒரு சாது.

அந்தச் சாது என்ன செய்யும் என்று போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தேன். விடிகாலையில் கிளம்பி, ஜீலாங் தாண்டி, டார்க்கியில் கிரேட் ஓஷன் ரோட்டைப் பிடித்தோம். லோர்னுக்குப் பிறகு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்கள் அங்கே அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வேக வரம்பும் உண்டு, வளைவுக்கு அப்பால் சுற்றுலா பஸ்ஸும் உண்டு. நாங்கள் அறுபதில்தான் போனோம். அறுபதிலேயே ஒவ்வொரு வளைவும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தெரிந்தது. கென்னட் ரிவர் பக்கம் யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறியது, கண்ணாடிக்குள் இருந்தால் அது கிடையாது. பின்னால் அவசரக்காரர்கள் வந்தால் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி வழிவிட்டோம். வேகம் வேண்டியிருக்கவில்லை.

அந்த ரோட்டுக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை, கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து கொண்டு போட்டது. மொத்தம் சுமார் 240 கி.மீ. வேலையில்லாமல் திரும்பியவர்களுக்கு வேலை, திரும்பாதவர்களுக்கு நினைவுச்சின்னம், வருங்காலத்துக்கு சுற்றுலா என்று மூன்று நோக்கங்கள். 1924-இல் கசினோ என்ற கப்பல் அந்தப் பக்கம் பாறையில் மோதி, 500 பீப்பாய் பீரைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. ரோடு வேலைக்காரர்கள் ரெண்டு வாரம் வேலைக்கே வரவில்லையாம்! திட்டத்தை முன்நின்று நடத்திய ஹோவர்ட் ஹிட்ச்காக் திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனார். விழா ஊர்வலத்தில் அவருடைய கார் மட்டும் போனது. கல்லில் பெயர் வெட்டி வணங்கச் சொல்லும் நினைவுச்சின்னம் எங்கும் உண்டு. இது ஓட்டி அனுபவிக்கச் சொல்கிற நினைவுச்சின்னம். அப்படிப் பார்த்தால் அங்கே சந்தோஷமாக வண்டி ஓட்டுவது வெட்டி வேலை அல்ல, அந்த ரோட்டுக்குச் செய்கிற மரியாதை.

பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்ற கடல்பாறைகள் வரை போய், கோலாக் வழியாக இரவில் திரும்பினோம். பெயரில்தான் பன்னிரண்டு. 2005-இல் ஒன்று இடிந்து விழுந்த பிறகு எட்டுதான் மிச்சம். எங்கள் வகுப்பில் சொல்லும் தேய்மானத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மொத்தச் செலவு: ஏறக்குறைய ஒரு டேங்க் பெட்ரோல், ரெண்டு ஸ்காலப் பை, காபி.

இனி கணக்கு. அந்தக் கார் தேய வேண்டிய அளவு எப்போதோ தேய்ந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் முதல் தலைமுறை வண்டிகளின் விலை இப்போது ஏறத்தான் செய்கிறது. ஆனால் அதற்காக வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. நான் பார்ப்பது வேறு. நாலு சீட்டு காரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அடுத்த வருஷம் அவன் வேலைக்குப் போனால் கட்டாயம் வாங்கத்தான் போகிறான். இதை விற்றால் திரும்ப வாங்கமாட்டான். வீட்டுக் கடன், குடும்பம் என்று வந்தபின் யார் ரெண்டு சீட்டு கார் வாங்குகிறார்கள்? திருத்திக்கொள்ளக்கூடிய முடிவைத் தள்ளிப்போடலாம், திருத்த முடியாத முடிவை அவசரமாக எடுக்கக்கூடாது.

ஆன்ட்டியின் முட்டிவலி? அது உண்மையான பிரச்சினை, அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நான் மனுஷனே இல்லை. டாக்டரிடம் போவது மாதம் ஒரு தடவை. அந்த டாக்சிக் காசை மகன் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கட்டும், கூடவே போகவும் செய்யட்டும். காரை வைத்துக்கொள்ள அவன் கட்டும் வாடகை அது. கட்ட மனமில்லை என்றால் அங்கிள் சொல்வதுதான் சரி, விற்றுவிடட்டும்.

மச்சி, இதைப் படிக்கிறாய் அல்லவா? முதல் டாக்சி இந்த வியாழக்கிழமை.