ஆட்டக்காரனை ஆளாக்குதல்

நம் பிள்ளைகள் கணிப்பொறியின் முன்னோ கைபேசியின் முன்னோ அமர்ந்துவிட்டால், பொழுது பாழாகின்றதே என்று பெற்றோர் வருந்துவது இயல்பு. அவ்வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், இளைஞர் பலர் விரும்பி ஆடும் ஓர் ஆட்டம் பெற்றோர்க்கே பாடம் சொல்லத் தக்கதாய் அமைந்திருத்தலின், இத்திங்கள் அதனைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன்.

அதன் பெயர் 'ஃபுட்பால் மேனேஜர்'. இங்கிலாந்தைச் சேர்ந்த காலியர் சகோதரர் இருவர் 1992ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் வெளியிட்ட ஆட்டத்தின் வழிவந்தது அது. இதனை ஆடுபவன் பந்தை உதைப்பதில்லை. ஒரு கால்பந்துக் குழுவின் பொறுப்பை ஏற்று, யாரைச் சேர்ப்பது, யாருக்கு எப்பயிற்சி அளிப்பது, யாரை எவ்விடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்கின்றான். ஓட்டம், பந்தைக் கடத்தும் திறன், மனவுறுதி முதலிய பண்புகள் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் 1 முதல் 20 வரையிலான எண்களால் குறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் இளம் பிள்ளைகள் புதியராய் வந்து சேர்வர். அவர்களை வளர்த்தெடுப்பதே ஆட்டத்தின் சுவையான பகுதி.

வளர்க்கும் முறை யாது? பயிற்சி மட்டும் போதாது. களத்தில் இறங்கி ஆடும் வாய்ப்பு வேண்டும். தன் குழுவில் இடமில்லையெனில், வேறொரு சிறு குழுவுக்குச் சில காலம் அனுப்பிவைத்தேனும் அவ்வாய்ப்பைத் தேடித்தர வேண்டும். நற்பண்புடைய மூத்த ஆட்டக்காரருடன் சேர்த்துவிட்டால் இளையவனின் குணமும் திருந்தும். தீயவருடன் சேர்த்தால் கெடும். அளவு கடந்து பயிற்சியளித்தால் உடல் நொந்து காயமுறுவான். ஓரிடத்தில் சோபிக்காதவனைப் பொறுமையுடன் வேறிடத்திற்குப் பழக்கினால், சில திங்களில் அவனே குழுவின் தூணாதலும் கூடும்.

இவையெல்லாம் கணிப்பொறி கண்டுபிடித்த புதுமைகள் அல்ல. ஆந்திர மாநிலத்தின் தலைநகராய் நெடுங்காலம் விளங்கிய ஐதராபாத்தில் சையது அப்துல் ரகீம் என்பார் இருந்தார். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், 1950 முதல் ஐதராபாத் நகரக் காவலர் குழுவைப் பயிற்றுவித்தார். அவர் பயிற்றுவித்த இந்தியக் குழு 1951ஆம் ஆண்டு புதுதில்லியில் ஆசிய விளையாட்டுப் பொற்பதக்கம் வென்றது; 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு போகாமல் உடனே பிறர்க்குக் கடத்துதல், வலுக்குறைந்த காலாலும் உதைத்துப் பழகுதல் ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார்.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா நகரில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் நம்மவர் தோற்றனர். பின்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையலிட வேண்டியதாயிற்று. பின்னே நின்று தடுத்தாடுதல் அவர்க்கு அரிதென உணர்ந்த ரகீம், அவரை ஒதுக்கிவிடவில்லை, முன்னணியில் நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் போட்டார்! முன்பு வென்ற அதே தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தி இந்தியா பொற்பதக்கம் பெற்றது. அன்று நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவரும் இளமையில் செகந்திராபாத்தில் முன்கள வீரராய் ஆடியவர். மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த பின்னரே கோல் காவலராய்ப் புகழ் பெற்றார். ரகீமோ நோயுற்று, மறு ஆண்டே மறைந்தார்.

இனி, அவ்வாட்டத்தில் நாம் ஏற்கத் தகாத ஒன்றையும் கூறுதல் வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரனும் எவ்வளவு உயர முடியும் என்பதற்கு 200க்குள் ஓர் எண் மறைவாக வைக்கப்பட்டிருக்கும். எத்துணை பாடுபடினும் அவ்வரம்பை அவன் தாண்ட இயலாது. ஆட்டத்திற்கு இது தேவையாகலாம், வாழ்க்கையில் இல்லை. ஃபிரெடி அடு என்ற சிறுவன் 2004ஆம் ஆண்டில், தன் 14ஆம் வயதிலேயே, அமெரிக்கத் தொழில்முறைக் குழுவில் ஆடினான். மாபெரும் வீரனாவான் என்று உலகே எதிர்பார்த்தது, அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஜேமி வார்டி என்பவரோ தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு குழுக்களில் ஆடினார். 25ஆம் வயதில் லெஸ்டர் நகரக் குழுவில் சேர்ந்து, 2016ஆம் ஆண்டில் அக்குழு இங்கிலாந்தின் முதன்மைக் கோப்பையை வெல்லப் பெருந்துணை புரிந்தார்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்குப் பிள்ளைகளின் படிப்பே சொத்து. ஆதலின் அச்சம் மிகுதி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கண்டதும், 'இவன் இவ்வளவுதான்' என்று ஓர் எண்ணை நாமே அவன் நெற்றியில் எழுதிவிடுகின்றோம். கணக்கில் பின்தங்குபவனையும் இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. பிரிவிலேயே சேர்த்து, மாலை விளையாட்டையும் நிறுத்திவிடுகின்றோம். அவன் திறமையற்றவன் அல்லன். தவறான இடத்தில் நிறுத்தப்பட்ட ஆட்டக்காரன், அவ்வளவே.

மைந்தனோ மகளோ இவ்வாட்டத்தை ஆடும்போது அருகமர்ந்து, "இந்தப் பையனை ஏன் இடம் மாற்றினாய்? எத்தனை நாள் பொறுத்திருந்தாய்?" என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடை நமக்கும் பயன்படும். நேரத்திற்கு வரம்பு வையுங்கள். பிள்ளையின் திறனுக்கு வரம்பு வைக்காதீர்கள். களத்தில் இறங்க வாய்ப்பும், நல்ல மூத்தோரின் உறவும், பொறுத்திருக்கும் மனமும் தருவது நம் கடமை. உயரம் எவ்வளவு என்பதை அவர்கள் காட்டுவர்.