ஐந்து வாக்கும் நூற்றெண்பது வாக்கும்

மாணவ நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். தமிழ் நூல்களைப் படித்தவர்களே அவற்றிற்குப் பத்துக்கு இத்தனையெனப் புள்ளியிட்டு, பிறருக்கும் பரிந்துரைக்கத்தக்க இணையத்தளம் ஒன்றை நிறுவ விரும்புகிறாராம். கையிலுள்ள பணமோ சொற்பம். இது கைகூடுமா என வினவுகிறார்.

கைகூடும். பிரித்தானியாவின் பிறிஸ்டல் நகரிலே கணனித் துறையிற் பணிபுரிந்த கொல் நீடம் என்பார், தாம் பார்த்த திரைப்படங்களின் விபரங்களைக் குறித்து வைக்கும் பழக்கமுடையவர். அவரையொத்த அன்பர்கள் இணையச் செய்திக் குழுவொன்றிலே நடிகர், நெறியாளர் பெயர்ப் பட்டியல்களைத் தொகுத்து வந்தனர். அவற்றைத் தேடிப் பார்க்க உதவும் சிறு நிரல்களை 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் இலவசமாக வெளியிட்டார். 1993இல் அம்முயற்சி, கார்டிஃப் பல்கலைக் கழகக் கணனியொன்றிலே இணையத்தளமாகக் குடிபுகுந்தது. உழைத்தோர் தொண்டர்கள். 1996இல் கம்பனியாகி, 1998இல் அமேசன் நிறுவனத்தின் கைக்கு மாறிய ஐ.எம்.டி.பி. தளம் இதுவே.

ஆகவே பணம் இரண்டாம் பட்சம். பெயர்ப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணமும், சேவையகத்திலே சிறிது இடத்துக்கு வாடகையும் வேண்டும். மென்பொருளை இலவசமாகவே பெறலாம். ஆனால் பட்டியல் முந்தியது, தளம் பிந்தியது என்பதை நேயர் கவனிக்க. நூறு நூல்களின் விபரங்களையாவது சேர்த்த பின்னரே கதவைத் திறத்தல் நன்று. வெறுங்கடைக்குள் எவர் நுழைவார்?

நிற்க. கடினமான இடம் இனித்தான் வருகிறது. கவிஞர் ஒருவர் நூல் வெளியிடுகிறார் என வைத்துக்கொள்வோம். மனைவியார், மைத்துனர், நண்பர் மூவர் ஆக ஐவர் பத்துக்குப் பத்து வழங்குகின்றனர். (வெளியீட்டு விழாக்களுக்குச் சென்று பழகியோர் வியப்படையார்.) வேறொரு நூலை 180 பேர் படித்துச் சராசரி 8 கொடுக்கின்றனர். வெறுஞ் சராசரிப்படி கவிஞரே முதல்வர்!

ஐ.எம்.டி.பி. தனது சிறந்த 250 படங்களின் பட்டியலுக்குக் கைக்கொண்ட சூத்திரத்தை வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. அதன் சாரம் இது: ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்த வாக்குகளோடு, எல்லாப் படங்களுக்குமான பொதுச் சராசரியை உடைய கற்பனை வாக்குகள் சிலவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். நம் நேயரின் தளத்திலே பொதுச் சராசரி 6, கற்பனை வாக்கு 20 எனக் கொள்வோம். கவிஞருக்கு 50உடன் 120 சேர 170. 25ஆல் வகுக்க 6.8. மற்றைய நூலுக்கு 1440உடன் 120 சேர 1560; 200ஆல் வகுக்க 7.8. மைத்துனரின் அன்பை நாம் தள்ளிவிடவில்லை, அளவோடு ஏற்றுக்கொண்டோம். அன்றியும், ஒழுங்காக வாக்களித்து வருவோரின் வாக்குகளையே அப்பட்டியலுக்கு எண்ணினார்கள். ஒழுங்கானவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஏமாற்றுவோர் கற்றுக்கொள்வர்.

ஆயினும் இம்முறையில் ஓர் அநீதி உண்டு. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருந்து புதிதாக எழுதும் ஒருவரின் உண்மையிலேயே சிறந்த நூலை ஐவர் மட்டும் படித்துப் பத்துப் புள்ளி ஈந்தால், அதற்கும் அதே 6.8தான். கணக்குக்கு மைத்துனரையும் தெரியாது, ரசிகரையும் தெரியாது. சில நூறு பிரதிகளே அச்சாகும் நூல்கள் பலவாயுள்ள நம் மொழிக்கு இது சிறிய குறையன்று. கற்பனை வாக்கை 5ஆகக் குறைப்போமெனில், கவிஞர் 8 பெற்று, 7.9 பெறும் மற்றைய நூலை மீண்டும் முந்திவிடுகிறார்!

ஆதலின் எம் யோசனை வருமாறு. கற்பனை வாக்கு 20ஆகவே இருக்கட்டும். பத்துக்குக் குறைந்த வாக்குப் பெற்ற நூல்களை வரிசைப்படுத்தாது தனி அடுக்கிலே வைத்து, வாக்கின் தொகையையும் அருகே காட்டுக. அங்கே புள்ளியிடுவோர், நூலிலே தாம் கண்டதை இரண்டு வாக்கியமேனும் எழுதல் வேண்டும் என விதிக்க. நேயரின் தளம் திறக்கப்படும் நாளிலே, நாம் முதலிற் பார்க்கப்போவது அந்த அடுக்கைத்தான்.